களியக்காவிளை தாண்டினால் காருக்கு மறுபடியும் வரி

அமெரிக்காவில் பல ஆண்டுகள் இருந்த ஒருவர் ஜெர்மனிக்குக் குடிபெயர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசையாக வாங்கிய மஸ்டாங் காரையும் கப்பலேற்றிக் கொண்டுபோகிறார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அவர் ஓராண்டாவது குடியிருந்திருக்க வேண்டும். அந்தக் காரை ஆறு மாதமாவது சொந்தமாக வைத்து ஓட்டியிருக்க வேண்டும். போன பிறகு ஓராண்டுக்கு அதை விற்கக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால் அவருக்குச் சுங்கம் கிடையாது, இறக்குமதி மதிப்புக்கூட்டு வரியும் கிடையாது. கட்டில், பீரோ, பாத்திரம் பண்டத்தோடு காரும் வீட்டுச் சாமான் கணக்கில் உள்ளே போய்விடும். இதே காரை ஒரு வியாபாரி விற்பதற்காக இறக்கினால், நெடுங்காலமாக இருந்துவந்த 10 சதவீதச் சுங்கக் கணக்குப்படி, அதன்மேல் ஜெர்மனியின் 19 சதவீத வரியும் சேர்ந்து நூறு ரூபாய்ச் சரக்கு 131 ரூபாய் ஆகும். விற்க வருகிறவன் வேறு, வாழ வருகிறவன் வேறு என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக் கரமனைக்குக் குடிவரும் ஒருவரைப் பார்ப்போம். நடுவில் கடல் கிடையாது, தூரம் எழுபது கிலோமீட்டருக்குள்தான். தன் காருக்கு 15 ஆண்டுக்கான சாலை வரியை வண்டி வாங்கிய அன்றே தமிழ்நாட்டு அரசுக்கு மொத்தமாகக் கட்டிவிட்டவர். மாநில எல்லையான களியக்காவிளையைத் தாண்டி இங்கே வந்து தங்கிவிட்டார் என்பதற்காக, மீதி ஆண்டுகளுக்கான வரியைக் கேரள அரசுக்கும் மொத்தமாகக் கட்ட வேண்டும். முதலில் கட்டியதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்க வழி உண்டு. அந்த வழியில் எத்தனை கல்லும் முள்ளும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துபோகும் காருக்கு இல்லாத சுமை, நெய்யாற்றைக் கடந்துவரும் காருக்கு இருக்கிறது. கரமனைக்காரர்களின் குறை இதுதான்.

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இந்தியாவுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காக அந்தக் கணக்கையும் போட்டுவிடலாம். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள புதுக் காருக்கு இறக்குமதித் தீர்வை 110 சதவீதம். 2025 பட்ஜெட்டில் அடிப்படைச் சுங்கத்தை 70 ஆக இறக்கிவிட்டதாகச் சொன்னார்கள். கூடவே வேளாண் உள்கட்டமைப்பு வரி என்று 40 சேர்த்தார்கள். கூட்டிப் பார்த்தால் அதே 110. அதன்மேல் 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கும் மேல் கேரளத்தின் சாலை வரி, விலை உயர்ந்த கார்களுக்கு 22 சதவீதம் வரை. கேரளச் சட்டப்படி வண்டியின் விலை என்பது சுங்கம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்த விலை. ஆகவே இது வரிக்கு மேல் வரி. நூறு ரூபாய்க்குக் கப்பலேறிய கார் கரமனையில் நம்பர் பிளேட் மாட்டி நிற்கும்போது ஏறக்குறைய 359 ரூபாய். பழைய கார் என்றால் நிபந்தனைகள் இன்னும் கடுமை: மூன்று வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். துபாயில் இருபது வருடம் உழைத்தவர் அங்கே ஓட்டிய காரை ஊருக்குக் கொண்டுவர முடியாததற்கு அந்த இடப்பக்க ஸ்டியரிங் ஒன்றே போதும்.

இந்த 359 ரூபாயைக் குறைக்கச் சொல்லிக் கரமனையில் யாரும் கொடி பிடிக்கப்போவதில்லை. ஃபெராரி வாங்குகிறவர் கட்டட்டும், கட்ட முடியும். எங்கள் தெருக்களில் நிற்பது மாருதியும் ஹூண்டாயும் ஆக்டிவாவும். இவையெல்லாம் இந்தியாவிலேயே செய்து, இந்தியாவிலேயே விற்று, இந்தியாவிலேயே ஒருமுறை வரி கட்டப்பட்ட வண்டிகள்.

கரமனையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவனந்தபுரத்தின் தென் வாசல் இது. நாகர்கோவில் நெடுஞ்சாலை ஆற்றுப் பாலத்தைக் கடந்து நகரத்துக்குள் நுழையும் இடம். சத்தியவாகீஸ்வரர் கோயிலும் அக்ரகாரத் தெருக்களுமாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர். வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் ஆரியசாலையிலும் இதே கதைதான். பெண் கொடுத்ததும் எடுத்ததும் நாஞ்சில் நாட்டில், வேலை திருவனந்தபுரத்தில், குலதெய்வம் தோவாளைப் பக்கம் என்று வாழ்கிறவர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் கரமனையும் ஒரே மாநிலத்தில், திருவிதாங்கூர்-கொச்சியில், இருந்தன. அந்த நாளில்தான் நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சேர்ந்தது சரிதான். அதற்காக மார்ஷல் நேசமணியின் தலைமையில் மக்கள் போராடினார்கள், உயிரும் போனது. ஆனால் எல்லைக்கோடு போட்டதால் மாமன் மச்சான் உறவு அறுந்துபோகவில்லை, போக்குவரத்தும் நிற்கவில்லை. இன்று அந்தப் பக்கம் டி.என். 74, டி.என். 75. இந்தப் பக்கம் பாறசாலையில் கே.எல். 19, நெய்யாற்றின்கரையில் கே.எல். 20, நகரத்துக்குள் கே.எல். 01.

இப்படிக் குடிவருபவர்கள் யார்? மகளுக்கு டெக்னோபார்க்கில் வேலை கிடைத்து, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து சேரும் ஓய்வுபெற்ற வாத்தியார். சாலைக் கடைத்தெருவில் அப்பாவின் கடையை எடுத்து நடத்த மார்த்தாண்டத்திலிருந்து திரும்பும் மகன். தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு வந்து, ஸ்கூட்டரையும் ரயிலில் புக் பண்ணிக் கொண்டுவரும் பெண். மண்டலப் புற்றுநோய் மையத்திலோ ஸ்ரீசித்திரா மருத்துவமனையிலோ மாதக்கணக்காக நீளும் சிகிச்சைக்காக வாடகை வீடு பிடித்துத் தங்கும் குடும்பம். இவர்களில் ஒருவரும் வரி ஏய்ப்பவர் அல்ல. ஏய்க்கும் அளவுக்குப் பெரிய காரும் இவர்களிடம் இல்லை.

தொகையைப் பார்ப்போம். 8 லட்சம் ரூபாய்க்கு ஒரு கார் நாகர்கோவிலில் 2023 நவம்பருக்குப் பிறகு வாங்கியது. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு வரி 13 சதவீதம். 1,04,000 ரூபாய் கட்டியாயிற்று. இரண்டு வருடம் கழித்துக் கரமனைக்கு வருகிறார்கள். கேரளத்திலும் அந்த விலைக்கு 13 சதவீதம்தான். வண்டியின் வயதுக்கேற்ற கழிவு உண்டு. அதை நேர்க்கணக்காகப் பதினைந்தில் இரண்டு பங்கு என்று கழித்தால்கூட 90,000 ரூபாய் கட்ட வேண்டும். ஆக இரண்டே ஆண்டில் 8 லட்சம் ரூபாய்க் காருக்கு சாலை வரியாகப் போனது 1,94,000. விலையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. புது எண் வாங்குவதற்கு மத்திய அரசு விதித்திருக்கும் கட்டணம் வெறும் 600 ரூபாய் என்பதையும் கவனியுங்கள். எண்ணை மாற்றுவது ஒரு செலவே இல்லை. கையைக் கடிப்பது வரி.

மின்சார வண்டி வைத்திருப்பவர் நிலை இன்னும் வேடிக்கை. தமிழ்நாடு மின்சார வண்டிக்குச் சாலை வரி விலக்கு கொடுத்திருக்கிறது. கேரளத்தில் வரி உண்டு. ஆக, அரசே ஊக்கம் கொடுத்து வாங்க வைத்த ஸ்கூட்டர் எல்லை தாண்டியதும் வரிக்கு உட்பட்ட ஸ்கூட்டர் ஆகிவிடுகிறது. அங்கே ஒன்றும் கட்டாததால் திரும்பக் கேட்கவும் ஒன்றும் இல்லை.

பணத்தைவிட மனிதனைக் களைக்க வைப்பது அலைச்சல். வண்டிக்குக் கடன் இருந்தால் முதலில் வங்கியின் சம்மதக் கடிதம். பிறகு, பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 28-ஆம் படிவம் கொடுத்துத் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., வாங்க வேண்டும். வரி பாக்கி இல்லை, அபராதம் பாக்கி இல்லை, குற்ற வழக்கில் வண்டி இல்லை என்று ஒவ்வொன்றும் சரிபார்த்துத்தான் அது கிடைக்கும். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதம் வேண்டும். அதை வாங்கிக்கொண்டு இங்கே வந்தால் 27-ஆம் படிவம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, இந்த ஊரில் குடியிருப்பதற்கான முகவரிச் சான்று. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த முகவரிச் சான்றே ஒரு தனிப் படலம். வரியைக் கட்டி, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, புது எண் வாங்க வேண்டும். அப்புறம் நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸில் எண் மாற்றம், ஃபாஸ்டாக் மாற்றம்.

எல்லாம் முடிந்த பிறகு, கேரள ஆர்.சி.யின் நகலோடு மறுபடி நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, ஐயா நான் கட்டிய வரியில் மீதியைத் தாருங்கள் என்று விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வண்டியும் இல்லை, குடியும் இல்லை. போன ஊர்க்காரனின் கோப்பு எந்த அலுவலகத்திலும் மேலே வராது. திரும்பக் கிடைக்கும் தொகை வண்டியின் வயதுக்கேற்ப அட்டவணைப்படி குறைந்துகொண்டே போகும். வாங்க வேண்டிய வரி இன்றே, மொத்தமாக. கொடுக்க வேண்டிய வரி பிறகு, கேட்டால், அலைந்தால். பலர் இந்தப் பணத்தைக் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். அரசுக்கு அந்தத் தொகை சிறியது, மாதச் சம்பளக்காரனுக்கு அது பெரியது. இருந்தும் அவன்தான் விட்டுக்கொடுக்கிறான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஒருநாள் சொன்னது: "அண்ணாச்சி, இந்தக் காசுக்கு வருசம் பூரா ஆட்டோவுலயே போயிட்டு வந்திரலாம்லா?" அவர் கடைசியில் நாகர்கோவிலில் காரை விற்றுவிட்டு வந்துவிட்டார். அப்படி விற்பவர்கள் அவசரத்துக்கு விற்பவர்கள் என்பது பழைய கார் வியாபாரிகளுக்குத் தெரியாதா?

சட்டம் உண்மையில் இவ்வளவு கடுமையாக எழுதப்படவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46-வது பிரிவு, ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. 47-வது பிரிவு, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் புது எண் வாங்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதம் என்று தொடங்கியது? கையில் இருப்பது பெட்ரோல் பங்க் ரசீது, டோல் ரசீது, சர்வீஸ் பில். இவற்றை வைத்து வண்டிக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். வாரம்தோறும் சனிக்கிழமை நாகர்கோவில் போய்த் திங்கள்கிழமை திரும்பும் கார் எந்த மாநிலத்தில் வைத்திருக்கப்பட்ட கார் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்த மாதிரித் தெரியவில்லை. எல்லையோர மக்களின் வாழ்க்கை டெல்லியிலிருந்து பார்த்தால் கண்ணில் படாது.

கர்நாடகம் 2014-இல் இதைவிட ஒரு படி மேலே போனது. வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் ஓடினாலே ஆயுள் வரி என்று திருத்தம் கொண்டுவந்தது. பெங்களூரில் வேலைக்குப் போன தமிழ்ப் பிள்ளைகள் பலர் சாலையோரம் மடக்கப்பட்டார்கள். 2016-இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் பன்னிரண்டு மாதம் என்ற மத்தியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி அந்தத் திருத்தம் செல்லாது என்றது. வண்டி ஓட்டுகிறவர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டதால் நடந்தது அது.

மாநில அரசின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2017 கடைசியில் வெளிவந்த புதுச்சேரிப் பதிவு விவகாரம் கேரளத்தைக் குலுக்கியது. திரையுலகப் பிரபலங்களும் பணக்காரர்களும், புதுச்சேரியில் பெயருக்கு ஒரு வாடகை முகவரியைக் காட்டி ஒரு கோடி ரூபாய்க் கார்களை அங்கே பதிவு செய்து கொச்சியில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கேரளத்தில் விலையில் ஐந்தில் ஒரு பங்கு வரி. புதுச்சேரியிலோ எவ்வளவு விலை உயர்ந்த காராக இருந்தாலும் அப்போது 55,000 ரூபாய் அளவில் முடிந்துவிடும். இப்படி அரசுக்குப் போன இழப்பு சாதாரணம் அல்ல. ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலங்களின் கையில் மிஞ்சிய வரிகளே மது, பெட்ரோல், வாகனம், பத்திரப் பதிவு என்று சில. அதையும் விட்டுக்கொடு என்றால் எந்த நிதியமைச்சரும் முகம் சுளிப்பார்.

இந்த மாதிரி ஏய்ப்பைத் தடுக்கத்தான் முன்பு நுழைவு வரி என்று ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், கேரளத்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம். நடிகர் விஜய் 2012-இல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு அந்த வரி கேட்கப்பட்டு, 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பில் பேச்சானது பலருக்கு நினைவிருக்கும். சுங்கம் கட்டி வந்த காருக்கு மாநிலம் மறுபடி நுழைவு வரி கேட்கலாமா என்று கேரளத்திலும் பாதிரியார் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 அக்டோபரில் கேட்கலாம் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அதற்குள் ஜி.எஸ்.டி. வந்து நுழைவு வரியே போய்விட்டது. அமரவிளைச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலமும் 2017 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்தது. சிமெண்ட் மூட்டைக்கு எல்லை இல்லாமல் போயிற்று. வாத்தியாரின் மாருதிக்கு மட்டும் எல்லை இன்னும் இருக்கிறது.

என் கருத்து இதுதான்: புதுச்சேரிக்காரனுக்கு வைத்த வலையில் நாகர்கோவில்காரன் மாட்டிக்கொண்டிருக்கிறான். குறைந்த வரி மாநிலத்தில் பொய் முகவரி கொடுத்தவரும், ஏறக்குறைய அதே வரியைத் தமிழ்நாட்டில் முழுதாகக் கட்டிவிட்டு உண்மையாகவே குடிவந்தவரும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே அட்டவணையில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டின் வரியும் கேரளத்தின் வரியும் இன்று கிட்டத்தட்ட ஒரே அளவு. 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குத் தமிழ்நாடு 18 சதவீதம் வாங்குகிறது, அது கேரளத்தைவிடக் கூடுதல். எந்தப் புத்தியுள்ளவனும் வரியை மிச்சம்பிடிக்க நாகர்கோவிலில் போய்க் கார் வாங்கமாட்டான்.

இதற்கு மத்திய அரசு ஒரு மருந்து கொடுத்தது. 2021 ஆகஸ்டில் அறிவித்து செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த பி.எச். வரிசை, பாரத் வரிசை. இந்த எண் உள்ள வண்டி எந்த மாநிலம் போனாலும் மறுபதிவு வேண்டாம். வரியும் 15 வருடத்துக்கு மொத்தமாக அல்ல, இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். நல்ல மருந்து. ஆனால் சீட்டு யாருக்கு? மத்திய, மாநில அரசு ஊழியர், ராணுவத்தினர், பொதுத்துறை நிறுவன ஊழியர், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர். கடைக்காரருக்கு இல்லை. விவசாயிக்கு இல்லை. ஒரே மருத்துவமனையில் வேலை செய்யும் நர்ஸுக்கு இல்லை. சிகிச்சைக்கு வந்தவருக்கு இல்லை. தகுதி உள்ளவர்களுக்கும் கேரளத்தில் இது எளிதில் கிடைக்கவில்லை. வரி வருமானம் சிதறும் என்று மாநிலம் தயங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரி என்பதுதான் இதில் உள்ள உயிர்நாடி. எத்தனை வருடம் எந்த மாநிலத்தின் சாலையில் ஓடுகிறதோ அத்தனை வருடத்துக்கு அந்த மாநிலத்துக்குப் பணம். இதைவிட நேர்மையான கணக்கு இருக்க முடியாது. பதினைந்து வருடப் பணத்தை முன்கூட்டி வாங்கிச் செலவழித்துவிடும் பழக்கம்தான் மாநிலங்களை இதற்கு எதிராக நிறுத்துகிறது.

மற்ற கூட்டாட்சி நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? ஜெர்மனியில் 16 மாநிலங்கள். வாகன வரி 2009 முதல் மத்திய அரசின் வரி, அதுவும் ஆண்டு வரி. 2015 முதல் ஒருவர் நாட்டுக்குள் எந்த ஊருக்குக் குடிபோனாலும் பழைய நம்பர் பிளேட்டையே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனி ராஜ்யம்போல வரி போடும். ஆனாலும் டெக்சாஸில் புதிதாகக் குடியேறுபவர் ஏற்கெனவே தன் பெயரில் இருந்த காருக்குக் கட்ட வேண்டியது 90 டாலர், கார் எதுவானாலும். பல மாநிலங்கள், முந்தைய மாநிலத்தில் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதி இருந்தால் மட்டும் கேட்கின்றன. ஐரோப்பா முழுக்கச் சொர்க்கம் என்றும் சொல்லிவிட முடியாது, டென்மார்க்கின் பதிவு வரி கேட்டால் நமக்குத் தலை சுற்றும். ஆனாலும் குடிமாற்றத்துக்குத் தனி விதி வேண்டும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் நாடு 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், ஒதுக்கீட்டு அளவுக்குள் வரும் கார்களின் சுங்கத்தைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுவர இணங்கியது. லண்டனோடு பேச முடிகிறது. சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே பேச முடியாதா?

பேசுவதற்கான வழிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. பஸ், லாரி பர்மிட்டுகளுக்காக மாநிலங்கள் தங்களுக்குள் பரஸ்பர ஒப்பந்தம் செய்துகொள்ள 88-வது பிரிவு இடம் கொடுக்கிறது. அதன்படி தமிழ்நாடும் கேரளமும் பல காலமாக ஒப்பந்தங்கள் செய்துவருகின்றன. அரசு பஸ்ஸுக்குச் செய்யும் மரியாதையைக் குடும்பக் காருக்கும் செய்ய ஒரு வரி ஒப்பந்தம் போதும். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதமுள்ள ஆண்டுகளின் பங்கை இரு அரசுகளும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரு மாநில வரிக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் குடிவந்தவரிடம் வாங்கட்டும். ஜி.எஸ்.டி.யில் இந்த மாதிரிக் கணக்குத் தீர்ப்பது மாதந்தோறும் நடக்கிறது. இரு மாநில வண்டிகளின் பதிவேடும் வாஹன் என்ற ஒரே கணினித் தளத்தில்தான் இருக்கிறது. எந்த வண்டி எப்போது பதிவானது, எவ்வளவு வரி கட்டியது என்பது கரமனையிலிருந்து பார்த்தாலும் நாகர்கோவிலிலிருந்து பார்த்தாலும் ஒரே திரையில் தெரியும். குடிமகன் இரண்டு ஊருக்கும் காகிதம் சுமப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

மாநிலங்கள் இணங்காவிட்டால் நாடாளுமன்றத்துக்கும் வழி உண்டு. வாகன வரி மாநிலப் பட்டியலின் 57-வது இனம், உண்மை. ஆனால் அந்த இனமே பொதுப் பட்டியலின் 35-வது இனத்துக்கு உட்பட்டது என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அந்த 35-வது இனத்தில், மோட்டார் வாகனங்களுக்கு எந்தக் கோட்பாடுகளின்படி வரி விதிக்க வேண்டும் என்பதும் அடக்கம். குடிமாற்றம் செய்பவரிடம் ஒரே காலத்துக்கு இரண்டு மாநிலம் வரி வாங்கக் கூடாது என்று ஒரே ஒரு கோட்பாட்டை நாடாளுமன்றம் எழுதலாம். எத்தனை சதவீதம் என்பதை மாநிலமே வைத்துக்கொள்ளட்டும். நீதிமன்றத்தை மட்டும் நம்பி இருப்பதில் எனக்கு விருப்பமில்லை. 2016 நவம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, வரி வாங்கும் மாநிலம் அதற்கு ஈடாக வசதி செய்து தந்திருக்க வேண்டும் என்ற பழைய வாதத்தை ஒதுக்கிவிட்டது. இது மக்கள் பிரதிநிதிகள் தீர்க்க வேண்டிய பிரச்னை.

இன்னொரு மேடையும் உண்டு. 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புச் சட்டம் கன்னியாகுமரியைப் பிரித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே சட்டம்தான் மண்டலக் குழுக்களையும் ஏற்படுத்தியது. எல்லைக்கோடு போடுவதால் வரும் சிக்கல்களை மாநிலங்கள் உட்கார்ந்து பேசத்தான் அந்த ஏற்பாடு. தென் மண்டலக் குழுவின் 30-வது கூட்டம் 2022 செப்டம்பர் 3-ஆம் தேதி திருவனந்தபுரத்திலேயே நடந்தது. இரு மாநில முதல்வர்களும் வந்திருந்தார்கள். கரமனையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் அந்தக் கூட்டம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் குடிபெயரும் குடும்பங்களின் வாகன வரி ஒரு பொருளாக இடம்பெற வேண்டும்.

அதுவரை உடனே செய்யக்கூடியவை உண்டு. பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்கும் தமிழ்நாட்டு வண்டியைச் சாலையில் நிறுத்தி வரி கேட்கக் கூடாது என்று கேரள மோட்டார் வாகனத் துறை தன் அலுவலர்களுக்குத் தெளிவாக எழுத வேண்டும். சிகிச்சைக்காகத் தங்குபவர்களுக்கு மருத்துவமனைக் கடிதத்தின் பேரில் அந்தக் காலத்தை நீட்டிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை, என்.ஓ.சி. கொடுக்கும்போதே வரி திரும்பப் பெறும் விண்ணப்பத்தையும் வாங்கிக்கொண்டு, கேரள எண் வாஹனில் ஏறிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பணத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும். பி.எச். வரிசையை எல்லோருக்கும் திறக்க மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும்.

வாசகர்களுக்கு: கரமனைக்கோ, பாலக்காட்டுக்கோ, மூணாறுக்கோ வண்டியோடு குடிபோகிறவர்கள் எல்லை தாண்டிய நாளின் டோல் ரசீதையும் வாடகை ஒப்பந்தத்தையும் பத்திரமாக வையுங்கள். என்.ஓ.சி. வாங்கிய கையோடு மீதி வரியைத் திரும்பக் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள், பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கன்னியாகுமரி எம்.பி.யும் திருவனந்தபுரம் எம்.பி.யும் ஒரே அவையில்தான் உட்காருகிறார்கள். இருவருக்கும் ஒரே கடிதத்தை எழுதுங்கள்.